பதினோராவது பெயர்

ஜூன் 3, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

முகநூலில் ‘கரிச்சான்பட்டி ஹாக்கி ரசிகர்கள்’ என்று ஒரு குழு இருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதோடு சரி, இதுவரை ஒரு சொல் எழுதியதில்லை. எங்கள் ஊர்ப் பழைய சரள் மைதானத்தை மூடிவிட்டு, அதே இடத்தில் செயற்கைப் புல் விரித்துப் புது மைதானம் கட்டியிருக்கிறார்கள். ஆடி மாதம் திறப்பு விழா. வாசலில் கருங்கல் சுவர் ஒன்று. அதில் இந்த மைதானத்தில் ஆடியவர்களில் பதினோரு பேர் பெயரை வெட்டப் போகிறார்கள். யாரென்று குழுவில் உள்ள ரசிகர்கள் வாக்களிக்க வேண்டும். பத்துப் பெயர் முடிந்துவிட்டது. அந்தப் பத்தில் மூன்று பேருக்கு அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கக்கூடத் தகுதி கிடையாது. அது வேறு கதை.

பதினோராவது பெயருக்கு இன்று காலை கோமதிநாயகம் ஒன்பதாம் நம்பரை முன்மொழிந்திருக்கிறார். கோமதிநாயகம் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊரிலேயே மூத்த ரசிகர். “சரள் மண்ணில் இவனைப் போல் பந்தைக் கொண்டுபோனவன் எவனும் இல்லை” என்று எழுதியிருக்கிறார். மாலைக்குள் அதற்கு அவ்வளவு பதில்கள். பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள். மீதிப் பேர் துரோகி என்கிறார்கள். முப்பதாம் தேதி ஞாயிறு மாலை வாக்கெடுப்பு முடிகிறது.

அவன் பெயர் அந்தச் சுவரில் வரக் கூடாது. ஏன் கூடாது என்று சொல்ல மற்ற எவரையும்விட எனக்குத் தகுதி அதிகம். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். சரியாக வந்ததும் குழுவில் போடுவேன்.

ஆனிக் காற்று இப்போதே தொடங்கிவிட்டது. நோட்டுப் பக்கம் நிற்கவில்லை. மேசையில் கிடக்கும் வெள்ளைக் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஜூன் 5, புதன்

சிலிண்டர் வந்தது. கல்லூரியில் கூட்டம். எழுதவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் நடக்கப் போனவன் புது மைதானத்தின் பக்கம் போனேன். பார்க்கவென்று போகவில்லை. வழி அதுதான்.

நீல நிறம். வானத்தைத் தரையில் ஆணி அடித்துப் பதித்த மாதிரி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் குழாய்கள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்குமாம். குடிதண்ணீருக்கு வாரம் ஒருமுறை காத்திருக்கும் ஊரில் பந்து வழுக்கிப் போவதற்குத் தண்ணீர். நாற்காலிகளுக்கு எண் போட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் எண் கிடையாது. ஆனாலும் யார் எங்கே நிற்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆலைத் தொழிலாளிகள் மேற்கே. தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் கிழக்கே. கோலுக்குப் பின்னால் புளியமரத்தடி எங்களுடையது. எங்களுடையது என்றால் என்னுடையது, இன்னும் நாலைந்து பேருடையது.

தெற்குப் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம்தான் தண்டவாளம். முன்பு ஆட்டம் நடக்கும்போது சரக்கு ரயில் வந்தால் மைதானத்தை ஒட்டி ஊர்ந்து போகும். எங்கள் அணி கோல் போட்டிருந்தால் இரண்டு முறை ஊதும். இனிமேல் எந்த டிரைவருக்கும் உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது.

திரும்பும்போது கருத்தப்பாண்டி கடையில் டீ. நான் வருவதைப் பார்க்காமல் கோமதிநாயகம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

“ஏன் லேட்டுன்னு எனக்கு மெமோ குடுத்தான்வே. சிக்னல்ல நின்னேம்னு எழுதிக் குடுத்தேன். எந்த சிக்னல்னான். புளியமரத்து சிக்னல்னு எழுத வாய் வந்திச்சு, அடக்கிக்கிட்டேன்.”

“ஒம்ம அடக்கம்தான் ஊருக்கே தெரியுமே,” என்றார் கருத்தப்பாண்டி டீயை ஆற்றிக்கொண்டே. “பாதி நிலக்கரி நம்ம மேட்ச்சப் பாத்துட்டுத்தான் தூத்துக்குடி போயிச் சேந்திருக்கு.”

பெஞ்சில் இருந்த ஒருவர், “அது கெடக்கட்டும், ஒன்பதாம் நம்பருக்கு ஓட்டு எப்படி...” என்று ஆரம்பித்தார். கோமதிநாயகம் அவர் தொடையைத் தட்டினார். “சார் வாராரு” என்று கருத்தப்பாண்டி சொன்னது என் காதில் விழுந்தது. நான் உட்கார்ந்ததும் எல்லாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். இந்த ஊரில் ஜூன் மாதத்தில் மழையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

ஜூன் 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றேழு மே மாதம். எங்கள் ஊர்ப் போட்டியின் இறுதி ஆட்டம். ஒருபக்கம் ஊர் அணி. எதிர்ப்பக்கம் சென்னையிலிருந்து வந்த வங்கி அணி. அதில் ஒன்பதாம் நம்பர் எங்கள் ஊர்க்காரன். இந்தச் சரளில் வளர்ந்து, இந்த ஊர் அணிக்கு ஆடிப் பெயர் வாங்கி, அந்தப் பெயரால் வங்கியில் வேலை வாங்கிக்கொண்டு போனவன். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. ஆட்டம் முடியப் போகும் நேரம். புளியமரத்துப் பக்கக் கோலில், கோலுக்கு முன்னால் போட்ட டி வட்டத்தின் இடது முனையில் பந்து அவனிடம் வந்தது. எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர் ஏசுவடியான் பாய்ந்தார். அவன் பந்தை ஒரு விரல்கடை நகர்த்தினான், அவ்வளவுதான். ஏசுவடியான் குப்புற விழுந்தார். பந்து கோலுக்குள் போய்ப் பலகையில் மோதியது. அந்தச் சத்தம் மட்டும்தான். ஊரே நின்ற இடத்தில் நின்றது.

அவன் கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. குனிந்தான். மண்ணை அள்ளினான். புளியமரத்தைப் பார்த்து வீசினான். புழுதி, கீழே கிடந்தபடி தலைதூக்கிய ஏசுவடியான் முகத்தில் விழுந்தது.

இந்தப் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றினால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வயிறெரிந்து, நீ நாசமாய்ப் போ என்று விடும் சாபம். அதைத் தன் ஊரைப் பார்த்துச் செய்தான் என்று ஊர் சொல்கிறது. அடுத்த வருடம் ஆலை மூடப்பட்டது. போட்டி நின்றது. ஏசுவடியானுக்கு முட்டி போனது. இவை எல்லாவற்றுக்கும் அந்தப் பிடி மண்தான் காரணம் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏசுவடியான்தான் இப்போது சுவர்க் கமிட்டியின் செயலாளர்.

நான் அப்போது எங்கே இருந்தேன் என்றால், புளியமரத்தடியில். அன்று காலையும் மைதானத்தில் நடந்துவிட்டுத்தான் வந்தேன். நடப்பது பழக்கம்தான்.

ஜூன் 14, வெள்ளி

கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் வேலை. பொருளாதாரத்தில் எம்.ஃபில். முடித்தவன், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்கள் வீடு வீடாகப் போய், பஸ் வசதி உண்டு, ஹாஸ்டலில் வாரம் இருமுறை கோழி உண்டு என்று சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர் துறைத்தலைவர். அவர் தாளாளரின் மருமகன். அவர் வெயிலில் இறங்க மாட்டார்.

ஒரு தெருவில் சரள் பரப்பியிருந்தார்கள். செருப்புக்குள் கல் ஏறிவிட்டது. உதறியபோது வெள்ளையாக விழுந்தது. வெங்கச்சங்கல். உடைந்தால் கத்தி மாதிரி விளிம்பு.

எத்தனை வருடம் இதைப் பொறுக்கியிருப்பேன்? அவன் எட்டாவது படிக்கும்போதே டி வட்டத்தின் இடது முனையில் நின்றுதான் அடிப்பான். வெறுங்கால். ஒருமுறை குதிகாலில் வெங்கச்சங்கல் ஏறிப் பத்து நாள் நொண்டினான். அப்போதிருந்து விடிந்ததும் நான் மைதானத்துக்குப் போவேன். அந்த முனையில் குனிந்து குனிந்து கல் பொறுக்கி, எல்லைக்கோட்டுக்கு வெளியே புளியமரத்தடிக்கு வீசுவேன். அங்கே ஒரு குவியலே சேர்ந்துவிட்டது. விறகுக்குப் போகும் கிழவி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, “ஏலே, விடிஞ்சும் விடியாம யாருக்குலே மண்ண வாரித் தூத்துத?” என்று கேட்டாள்.

அவன் சாவகாசமாகப் பின்னால் வருவான். நான் பொறுக்கி முடித்த இடத்தில் காலால் துழாவுவான். எப்படியும் ஒன்று கிடைக்கும். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “அண்ணே, ஒண்ணு விட்டுட்ட” என்று சொல்லி, என் தலைக்கு மேலாகக் குவியலில் வீசுவான். தினமும் இதே விளையாட்டு. ஒருநாளாவது ஒன்றுகூட விடாமல் பொறுக்கிவிட வேண்டுமென்று எனக்கு வீம்பு. நடக்கவே இல்லை.

இவ்வளவு செய்து எனக்கு என்ன கிடைத்தது என்பதற்காகத்தான் இதை எழுதினேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மேல்தொட்டியைக் கழுவினேன். முதுகு பிடித்துக்கொண்டது.

சொர்ணலதா தைலம் தேய்த்துக்கொண்டே, “கனி போன் பண்ணுனாரு” என்றாள்.

நான் தைலப் புட்டியை மூடினேன்.

“எந்தக் கனின்னு கேக்க மாட்டீங்களா? உங்க தம்பி சண்முகக்கனி.”

“எத்தனை கனி இருக்கான் போன் பண்ண.”

“திறப்பு விழாவுக்குக் கமிட்டியில இருந்து பத்திரிகை போயிருக்காம். பழைய ஆட்டக்காரங்க எல்லாருக்கும் அனுப்புறாங்களாம். ‘என்ன தம்பி, வருவீங்கள்ல’ன்னு கேட்டேன். ‘கமிட்டி கூப்பிட்டா எதுக்கு மைனி வரணும், அண்ணன் கூப்பிட்டா வாரேன்’னாரு.”

“அவனுக்கு ஆட்டம் இருக்கும். அவனுக்கு எப்பவும் ஆட்டம் இருக்கும்.”

“அம்பது வயசுல என்ன ஆட்டம்? அவருக்கும் முட்டி வலியாம். அந்த முகநூல் குழுவுல அவரும் இருக்காராம். எழுதுறதில்லையாம், படிக்கிறதோட சரியாம். உங்கள மாதிரியே.”

மேசையைத் துடைக்கப் போனவள் வெள்ளைக் கல்லை எடுத்துக் கையில் உருட்டினாள். “இத எதுக்கு வச்சிருக்கீங்கன்னு கேட்டா சொல்ல மாட்டீங்க. அந்த ஃபைனல் அன்னைக்கு விடியக்காலம் எங்க போனீங்கன்னு கேட்டாலும் சொல்ல மாட்டீங்க. நமக்குக் கல்யாணமான புதுசு. கையெல்லாம் கீறலோட வந்து நின்னீங்க. நான்தான மஞ்சள் வச்சேன்.”

“நடக்கப் போனேன்.”

“ஆமா, கையால நடந்தீங்க.”

ஜூன் 19, புதன்

குழுவுக்கான பதிவை எழுதிவிட்டேன். முழுவதையும் இங்கே திரும்ப எழுத வேண்டியதில்லை. சாரம் இது.

அவன் போன பின் அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். ஆலையில் பஞ்சுத்தூசி குடித்து அப்பாவின் மார்பு போய்விட்டது. கட்டிலோடு கிடந்தார். நான் எம்.ஃபில். ஆய்வேடு முடித்துப் புத்தகமாகக் கட்டிக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். பிறகு, “பேப்பர்ல சின்னவன் பேரு வந்திருக்கான்னு பாரு” என்றார். மூச்சு வாங்கும்போதும் அதே கேள்வி. சின்னவன் கோல் போட்டானா? சின்னவன் என்ன சாப்பிடுதானோ? பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகு தடவிக்கொண்டிருந்தான். பெரியவனைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

அப்பா போனது தொண்ணூற்றேழு பிப்ரவரியில். அவன் வடக்கே பயிற்சி முகாமில் இருந்தான். தந்தி கிடைத்து, ரயில் மாறி மாறி, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். வாசலில் ஹாக்கி மட்டைப் பையோடு நின்றான். மட்டைப் பையோடு. நான் சொன்னேன்: “இங்க எல்லாம் முடிஞ்சது. நீ ஆடப் போ.”

அவன் அழவில்லை. பையைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய் அப்பாவின் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் கிளம்பிவிட்டான். மூன்று மாதம் கழித்து இறுதி ஆட்டத்தில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போது இல்லாதவன் பெயர் இந்த ஊர்ச் சுவரில் எதற்கு? இதுதான் பதிவு. நல்ல தமிழில் வந்திருக்கிறது.

ஜூன் 22, சனி

குழுவில் சண்டை முற்றிவிட்டது. ஏசுவடியான் புது விதி கொண்டுவந்திருக்கிறார். சுவரில் வரும் பெயர் “ஊருக்கு எந்த வகையிலும் தீங்கு நினைக்காதவராக” இருக்க வேண்டுமாம். ஒருவர் உடனே, “அப்போ எட்டாவதா இருக்குறவரு கூட்டுறவு பேங்குல செஞ்சது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாரோ நீக்கிவிட்டார்கள். ஆட்டத்துக்குப் பெயரா, நடத்தைக்குப் பெயரா என்று இரண்டு நாளாக வழக்கு நடக்கிறது. இறந்துபோன கோல்கீப்பர் தேவசகாயத்தைப் போட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்கிறார்கள். தேவசகாயம் நல்ல மனிதர். அவ்வளவு நல்லவர் என்பதால் பந்தையும் தடுக்க மாட்டார்.

மாலை கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தார். கூடவே ஏசுவடியானையும் அழைத்து வந்திருந்தார். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். சொர்ணலதா முறுக்கு வைத்தாள்.

“வாத்தியாரே,” என்றார் கோமதிநாயகம், “ஒம்ம முன்னால வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஊரே ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசுது. எனக்கு அலுத்துப்போச்சு. அவன் ஒமக்குத் தம்பி. நீரு ஒரு வார்த்த சொல்லும். வேணும்னாலும் சரி, வேண்டாம்னாலும் சரி.”

“நான் சொல்ல என்ன இருக்கு.”

ஏசுவடியான் முறுக்கை ஒடித்தபடியே, “சார், எனக்கு அவன்கிட்ட தோத்ததுல வருத்தம் இல்ல” என்றார். “அவன்கிட்ட விழாதவன் யாரு? கோல் போட்டான், போடட்டும். ஆனா விழுந்து கெடக்குறவன் மூஞ்சில மண்ண வாரித் தூத்துனான் பாருங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல பரோட்டா தின்னவங்க சார். அன்னைக்குக் கண்ணுல விழுந்த மண்ணு இன்னும் உறுத்துது. ஏன் செஞ்சான்னு யாராவது சொன்னாப் போதும், நானே ஓட்டுப் போடுவேன்.”

“வாத்தியாருக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் கோமதிநாயகம். “நீரு மரத்தடியிலதான நின்னீரு? என் எஞ்சின்ல இருந்து பாத்தா முதுகுதான் தெரிஞ்சது. ஒம்ம மேலயும் விழுந்திருக்குமே அந்த மண்ணு.”

அவர் கண் மேசைப் பக்கம் போன மாதிரி இருந்தது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். காற்று என்று சொன்னேன்.

ஏசுவடியான் படியிறங்கும்போது நான் கை கொடுத்தேன். கனமான மனிதர். ஒரு காலத்தில் அவரைத் தாண்டிக் காற்றுகூடப் போகாது என்பார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

எழுதிய பதிவை அழித்துவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

கல்லூரியில் முதலாமாண்டுச் சேர்க்கை குறைவு என்று கூட்டம் போட்டார்கள். தாளாளர் பேசிய நேரமெல்லாம் நான் பழைய மைதானத்தில் இருந்தேன்.

சரளில் பந்து நேராக வராது. எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் துள்ளும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள் பந்து துள்ளிய பிறகு மட்டையை நகர்த்துவார்கள். இவன் மட்டை முன்னாலேயே அங்கே இருக்கும். புழுதி எழும்பி மாலை வெயிலில் சிவப்பாக நிற்கும். அதற்குள் சட்டைதான் தெரியும், ஆள் தெரியாது. ஆனால் பந்தின் சத்தம் கேட்கும். டக்கு டக்கு என்று ஒரே சீராக, தையல் மெஷின் மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் மேற்கே ஆலைக்காரர்கள் பீடியை வாயிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் பார்த்திருக்கிறேன். நீலப் புல்லில் அந்தச் சத்தம் வராது.

சரி. எழுதிவிடுகிறேன்.

அன்று காலை நடக்க மட்டும் போகவில்லை. முதல் நாள் சாயங்காலமே வங்கி அணி லாட்ஜில் வந்து இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். அவன் வீட்டுக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். விடியுமுன் முழிப்பு வந்துவிட்டது. கால் அதுவாகப் போய்விட்டது. டி வட்டத்தின் இடது முனை. அவன் போன பிறகு யாரும் அங்கே கல் பொறுக்கவில்லை போலிருக்கிறது, அவ்வளவு கிடந்தது. அவன் இப்போது நல்ல ஷூ போட்டுத்தான் ஆடுவான், அதற்கு விலையே என் மாதச் சம்பளம் இருக்கும். அது தெரிந்தும் பொறுக்கினேன். நன்றாக வெளிச்சம் வரும்வரை பொறுக்கினேன். ஊர் அணி ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கோல் விழுந்ததும் அவன் நின்றான். காலடியைப் பார்த்தான். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் காலால் துழாவினான். அந்த முனை மட்டும் சுத்தமாக இருந்ததைக் கண்டுகொண்டிருப்பான். அப்புறம்தான் குனிந்தான். மண்ணை வாரித் தூற்றுகிறவர்கள் இரண்டு கையாலும் அள்ளுவார்கள். அவன் ஒரு கையால் அள்ளினான். விரல்களுக்கிடையே மண்ணை ஒழுகவிட்டான். உள்ளங்கையை விரித்து என் பக்கம் காட்டினான். வாய் அசைந்தது. ஊரே அமைதியாக இருந்தும் எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

வீசினான். கையில் ஒட்டியிருந்த மண் ஏசுவடியான் முகத்தில் விழுந்தது. கல் என் தலைக்கு மேலாக வந்து குவியலில் விழுந்து உருண்டது.

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கூட்டத்தில் யாரோ, “மண்ண வாரித் தூத்துதாம்லே” என்று கத்தினார்கள். அப்புறம் எல்லாரும் கத்தினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கல்லை எடுத்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாது.

அது சாபமில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தால், அப்புறம் எதைச் சொல்லி அவனோடு பேசாமல் இருந்திருப்பேன்?

ஜூன் 29, சனி

ரேஷனுக்குப் போனேன். வரிசையில் கருத்தப்பாண்டி. “தேவசகாயத்துக்கு ஓட்டு ஏறுது சார்” என்றார், நான் கேட்காமலே.

ஜூன் 30, ஞாயிறு

காலை டிபன் முடிந்ததும் உட்கார்ந்தேன். சொர்ணலதாவிடம் கோயிலுக்குப் போய்விட்டு மெதுவாக வரச் சொன்னேன். என்னையும் திறந்திருந்த செல்போனையும் பார்த்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

புதிதாக எழுதினேன். இந்த முறை நல்ல தமிழுக்காக முயலவில்லை. ‘இந்த ஆட்டக்காரன் வீட்டை நன்றாக அறிந்தவன்’ என்று தொடங்கி, வெறுங்காலும் வெங்கச்சங்கல்லும், புளியமரத்தடிக் குவியலும், ‘ஒண்ணு விட்டுட்ட’ விளையாட்டும் எழுதினேன். அன்று விடியற்காலையில் ஒருவர் கல் பொறுக்கியதை எழுதினேன். ஒரு கையையும் இரண்டு கையையும் பற்றி எழுதினேன். ஏசுவடியானுக்கென்று தனியாக ஒரு வரி: உங்கள் கண்ணில் விழுந்தது உங்களுக்கு வீசிய மண் அல்ல. சரளில் அவனைப் போல் ஆடியவன் இல்லை என்பதைக் கோமதிநாயகம் முன்பே சொல்லிவிட்டார், அதோடு சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை என்று முடித்தேன்.

பெயர் போடலாமா என்று யோசித்தேன். போட்டால், அண்ணன் தம்பிக்கு ஓட்டுக் கேட்கிறான் என்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. இருபத்தேழு வருடம் வாயில் என்ன வைத்திருந்தீர் என்று கேட்பார்கள். பெயர் தெரியாமல் பதிவிட அந்தக் குழுவிலேயே ஒரு பொத்தான் இருக்கிறது. மொட்டைக் கடுதாசிக்கு இப்போது பொத்தான். எங்கள் ஊரில் மொட்டைக் கடுதாசியில் யாரைப் பற்றியும் யாரும் இதுவரை நல்லதாக ஒன்றும் எழுதியதில்லை. முதலாவதாக இது இருக்கட்டும்.

வாக்கு வேறு இருக்கிறது. அதில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று பெயர் தெரியும். மாலைவரை நேரம் உண்டு. பார்க்கலாம்.

எழுதும் வேகத்தில் பல இடங்களில் ‘தம்பி’ என்று வந்துவிட்டது. ஒவ்வொன்றாகத் தேடி ‘ஒன்பதாம் நம்பர்’ என்று மாற்றினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். மூன்றாம் முறை படித்தபோது, கீழே, கல் பொறுக்கும் இடத்தில், ‘தம்பி காலில் குத்தக் கூடாதென்று’ என்று அப்படியே நின்றது.

நம் பக்கத்தில் சின்னவர்கள் எல்லாரையும் தம்பி என்றுதான் சொல்கிறோம். ஊர் அதைத் தாண்டிப் படித்துவிட்டுப் போய்விடும். காலால் துழாவித் துழாவித் தேடுகிறவன் ஒருவன்தான் இருக்கிறான்.

ஒன்று விட்டிருக்கிறேன். இருக்கட்டும். பெயர் போடாமல் அனுப்புகிறேன்.